70 லட்சம் ரூபாய் கார்... மைலேஜ் எவ்ளோ கொடுக்கும்?

நம்ம ஊர் பெட்ரோல் பங்க்கில் நீல நிற பி.எம்.டபிள்யூ ஒன்று வந்து நின்றால் என்ன நடக்கும்? பைப்பைப் பிடித்திருக்கும் பையன் காரை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பான். பின்னால் நிற்கும் ஆட்டோக்காரர் எட்டிப் பார்ப்பார். கடைசியில் யாராவது ஒருத்தர் அந்தக் கேள்வியைக் கேட்டேவிடுவார்: "சார், லிட்டருக்கு எவ்ளோ கொடுக்குது?"

காரின் உரிமையாளர் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே ஒரு நம்பரைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த நம்பர் உண்மையா என்று அவருக்கே தெரியாது. 70 லட்சம் ரூபாய் கொடுத்து கார் வாங்கியவரிடம் மைலேஜ் கேட்கலாமா என்று உங்களுக்கும் தோன்றலாம். தாராளமாகக் கேட்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோல், ஜி.எஸ்.டி மாற்றம், 2027-ல் வரப்போகும் புதிய எரிபொருள் விதிகள் என்று இப்போது நடக்கும் அத்தனை சண்டைகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது அந்த ஒரு நம்பர்தான்.

உதாரணத்துக்கு ஒரு காரை எடுத்துக்கொள்வோம். பி.எம்.டபிள்யூ எம்340ஐ. உலகக் கணக்கில் இது 'காம்பாக்ட்' சொகுசு செடான். நீளம் 4.7 மீட்டர். நான்கு மீட்டருக்குள் இருந்தால்தான் காம்பாக்ட் என்று பழகிய நமக்கு இது சிரிப்பாகத்தான் இருக்கும். ஜெர்மன் கார் என்றாலும், நம்ம வீட்டுப் பிள்ளைதான். சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பக்கத்தில், மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் இயங்கும் பி.எம்.டபிள்யூ ஆலையில்தான் இந்தியாவுக்கான எம்340ஐ தயாராகிறது. 2021 மார்ச்சில் அறிமுகமானபோது ஷோரூம் விலை 62.90 லட்சம். 2022 டிசம்பரில் புதுப்பித்து வந்தபோது 69.20 லட்சம். பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் தனி. 3 லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின். 374 குதிரைத் திறன். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 4.4 விநாடி போதும்.

சரி, அந்த 4.4 விநாடிக்கு எவ்வளவு பெட்ரோல் செலவாகும் என்று எப்போதாவது கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பள்ளிக்கூட பிசிக்ஸ் போதும். டிரைவரோடு சேர்த்து இந்தக் கார் சுமார் 1,800 கிலோ. அதை 100 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர கிட்டத்தட்ட 700 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் இருக்கிறது. ஆனால், அதில் முக்கால்வாசி சூடாகவும் புகையாகவும் போய்விடும். கால்வாசிதான் சக்கரத்துக்கு வரும் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் பார்த்தால் சுமார் 85 மில்லி. நம்ம டீக்கடை கண்ணாடி கிளாஸில் முக்கால் கிளாஸ் பெட்ரோல். சென்னை விலைக்கு எட்டரை ரூபாய்.

"எட்டரை ரூபாய்தானே!" என்கிறீர்களா? இருங்கள். அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதித்தவுடன் அந்த எட்டரை ரூபாயும் பிரேக் டிஸ்க்கில் சூடாகிக் காற்றோடு போய்விடும். பச்சை விழுந்ததும் மறுபடி ஒரு முக்கால் கிளாஸ்.

இதே கணக்கை அண்ணா சாலைக்குக் கொண்டுவருவோம். அங்கே 100-ஐத் தொட முடியாது, 60 வைத்துக்கொள்வோம். வேகம் குறைந்தால் செலவு அதைவிட வேகமாகக் குறையும். 60-ஐத் தொட 30 மில்லி போதும். கிலோமீட்டருக்கு இரண்டு முறை 60-ஐத் தொட்டு நின்றால், 10 கிலோமீட்டரில் 20 முறை. ஆக 600 மில்லி. சிக்னலில் ஏ.சி-யோடு நிற்கும் பெரிய இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டராவது குடிக்கும். வழியில் மொத்தம் 15 நிமிடம் நின்றால் 250 மில்லி. டயர் உருள, காற்றைக் கிழிக்க இன்னொரு 270 மில்லி. கூட்டினால் 10 கிலோமீட்டருக்கு 1.1 லிட்டர். அதாவது, லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர். வாகனங்கள் அசையாத மழை நாளில் இது ஆறு, ஏழு என்றுகூட இறங்கும்.

இப்போது அதே காரை எடுத்துக்கொண்டு காலை ஐந்து மணிக்கு தாம்பரம் தாண்டி திருச்சி ஹைவேயில் ஏறுங்கள். 90-ல் நிலையாக ஓட்டினால் நிலைமையே வேறு. பிரேக்கில் வீணாவது எதுவும் இல்லை. எட்டு கியர் ஆட்டோமேட்டிக், இன்ஜினை மிகக் குறைந்த சுழற்சியில் வைத்துக்கொள்ளும். கார் காற்றில் வழுக்கிக்கொண்டு போகிற வடிவம். 14, 15 என்று மீட்டரில் காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். பக்கத்தில் போகும் பெட்டி வடிவ எஸ்.யூ.வி-க்கு அந்த நம்பர் கனவுதான். அது பாதி சக்தி உள்ளதாக இருந்தாலும்கூட. ஆனால் 140-க்குப் போய்விட்டீர்கள் என்றால் கதை முடிந்தது. 100-ல் இருந்ததைவிடக் காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. (நம்ம எக்ஸ்பிரஸ்வேக்களிலேயே உச்ச வேக வரம்பு 120-தான் என்பது வேறு விஷயம்.)

ஆக ஒரே கார், ஒரே டிரைவர், ஒரே நாளில் ஒன்பதும் கொடுக்கும், பதினைந்தும் கொடுக்கும். சின்ன காரில் இந்த இடைவெளி இவ்வளவு அகலமாக இருக்காது. காரணம், கல்யாண அண்டாவில் ரெண்டு பேருக்கு ரசம் வைப்பது மாதிரி. 374 குதிரைகளை வைத்துக்கொண்டு, டிராஃபிக்கில் 15 குதிரைக்கான வேலையைக்கூடச் செய்யாதபோது, இன்ஜின் தன்னைத்தானே சுற்றவைத்துக்கொள்ளவே பெரும்பாலான பெட்ரோலைச் செலவழிக்கிறது. எடையும் சேர்ந்துகொள்கிறது. 900 கிலோ சின்ன காருக்கு நான் மேலே சொன்ன முக்கால் கிளாஸ் கணக்கு பாதியாகிவிடும்.

புதுப்பித்த மாடலில் வந்த 48 வோல்ட் மைல்டு ஹைபிரிட் இதைச் சரிசெய்துவிடாதா? கொஞ்சம் உதவும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியைச் சின்ன பேட்டரியில் பிடித்துவைத்து, கிளம்பும்போது திருப்பிக் கொடுக்கும். ஆனால், அதிலுள்ள மோட்டாரின் சக்தி சுமார் 11 குதிரைதான். 1,800 கிலோவை நிறுத்தும்போது கொட்டும் ஆற்றலை அந்தச் சின்ன பாத்திரத்தில் எவ்வளவு பிடிக்க முடியும்?

இனி ஷோரூமில் காட்டும் அந்த அதிகாரபூர்வ மைலேஜுக்கு வருவோம். அது எங்கே எடுக்கப்படுகிறது தெரியுமா? ரோட்டில் இல்லை. ஒரு மூடிய அறையில், உருளைகளின் மேல் காரை நிறுத்தி ஓட்டுவார்கள். நம் நாட்டுச் சோதனை சுமார் 20 நிமிடம், 11 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். அதில் முடுக்கம் எல்லாம் மாட்டு வண்டி மாதிரி மெதுவாக இருக்கும். முக்கியமாக, ஏ.சி ஓடாது. சென்னை மே மாதத்தில் ஏ.சி போடாமல் பி.எம்.டபிள்யூ ஓட்டுகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஏ.சி போட்டும் சோதித்து அந்த நம்பரையும் சொல்ல வேண்டும் என்ற வரைவு விதியை இப்போதுதான் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் முன்வைத்திருக்கிறது. ரொம்ப தாமதம், ஆனாலும் வரவேற்கலாம்.

இந்தியாவுக்கு மட்டும் உள்ள பிரச்னை என்று நினைத்துவிடாதீர்கள். ஐரோப்பாவில் நம்மைவிடக் கடுமையான 'டபிள்யூ.எல்.டி.பி' சோதனை நடைமுறையில் இருக்கிறது. 30 நிமிடம், 23 கிலோமீட்டர், உச்ச வேகம் 131. அப்படியிருந்தும், கார்களுக்குள் இருக்கும் எரிபொருள் மீட்டர்களிலிருந்து நேரடியாகத் தகவல் எடுத்து ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. பெட்ரோல் கார்கள் காகிதத்தில் சொன்னதைவிட ரோட்டில் 23.7% அதிகம் குடிக்கின்றன என்றது அது. பிளக்-இன் ஹைபிரிட் கார்களின் கதைதான் உச்சம். அவற்றின் உண்மையான புகை அளவு, சோதனையில் காட்டியதைப்போல சராசரியாக மூன்றரை மடங்கு!

அந்தச் சோதனை நம்பருக்காகவே ஒரு கார் தன் உயிரை விட்ட கதையும் உண்டு. மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி சி63 என்றாலே நான்கு லிட்டர், எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினின் உறுமல்தான் நினைவுக்கு வரும். 2022-ல் வந்த புதிய சி63-ல் அதைத் தூக்கிவிட்டு, இரண்டு லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜினோடு மின் மோட்டாரைச் சேர்த்தார்கள். சக்தி 680 குதிரை! காகிதத்தில் 100 கிலோமீட்டருக்கு 6.9 லிட்டர், அதாவது லிட்டருக்குப் பதினாலரை. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால், பேட்டரியில் மட்டும் அது ஓடுவது 13 கிலோமீட்டர்தான். எடை 2,100 கிலோவைத் தாண்டிவிட்டது. வீட்டில் சார்ஜ் போடாமல் ஓட்டினால், அந்தக் கூடுதல் பாரத்தைப் பெட்ரோல்தான் இழுக்க வேண்டும். ரசிகர்களோ "சத்தம் எங்கேப்பா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள். புதிய வி8 இன்ஜின் ஒன்றை உருவாக்கிவருவதாக 2025-ல் ஏ.எம்.ஜி-யே சொல்லிவிட்டது. எனக்குக் கேட்டால், நம்பருக்காகச் செய்த காரைவிட எம்340ஐ-யின் ஆறு சிலிண்டர் நேர்மையானது. அது குடிப்பதை மறைப்பதில்லை.

இப்போது நம்ம ஊரின் பெரிய சூடான விஷயம்: இ20 பெட்ரோல். 20% எத்தனால் கலந்த இந்தப் பெட்ரோல் மைலேஜைக் குறைக்கிறது என்று 2025 முழுக்க சமூக வலைதளங்களில் ஒரே கொந்தளிப்பு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், செப்டம்பரில் தள்ளுபடியானது. இதில் வதந்தி எது, நிஜம் எது? ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் 20% கலந்தால் லிட்டரின் மொத்த ஆற்றல் ஆறு, ஏழு சதவிகிதம் குறையும். இது வேதியியல்; விவாதிக்க ஒன்றுமில்லை. எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10% கலவைக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் ஆறு முதல் ஏழு சதவிகிதம் மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருக்கிறது. இ10-க்காக வடிவமைத்து இ20-க்குச் சரிசெய்த கார்களில் ஒன்று, இரண்டு சதவிகிதம்தான் குறையும் என்பதும் அதே அறிக்கை.

பெர்ஃபாமன்ஸ் கார்களுக்கு இதில் ஒரு சுவாரஸ்யமான திருப்பம் இருக்கிறது. அதிக அழுத்தத்தில் இயங்கும் டர்போ இன்ஜின்களுக்கு ஆக்டேன் முக்கியம். முன்பு நம்ம பங்க்குகளில் கிடைத்த சாதாரண பெட்ரோல் 91 ஆக்டேன். அதைப் போட்டால், இன்ஜின் தட்டாமல் இருக்க கம்ப்யூட்டர் தானாகவே எரியும் நேரத்தைத் தள்ளிவைக்கும். சக்தியும் போகும், மைலேஜும் போகும். இ20-ல் ஆக்டேன் 95. ஆக ஒரு கையால் ஆற்றலைப் பிடுங்கிக்கொண்டு, மறு கையால் ஆக்டேனைக் கொடுக்கிறது. இ20-க்குத் தயாரான புதிய காரில் நஷ்டம் கொஞ்சம் ஈடாகும். ஆனால், 2018 மாடல் சொகுசு செடானை செகண்ட் ஹேண்டில் வாங்கியவருக்கு அந்த ஆறுதல் இல்லை. அவர்தான் லிட்டர் 150 ரூபாய்க்கு மேல் விற்கும் 100 ஆக்டேன் பெட்ரோலைத் தேடி பங்க் பங்க்காக அலைகிறார். 50% கூடுதல் விலை கொடுத்து ஏழு சதவிகித மைலேஜைக் காப்பாற்றுவது என்ன கணக்கு என்று கேட்காதீர்கள். அவர் பயப்படுவது மைலேஜுக்கு இல்லை, ரப்பர் குழாய்களுக்கும் பம்ப்புக்கும்.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு எட்டு கிடைக்கும்போது 1,500 லிட்டர். சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய். பதினொன்று கிடைத்தால் 1.1 லட்சம். வித்தியாசம் 41,000 ரூபாய். புதுக் கார் வாங்கியவருக்கு இது ஒரு வருட இன்ஷூரன்ஸ் தொகைகூட இல்லை. ஆனால், ஐந்தாறு வருடம் ஓடிய அதே காரைப் பாதி விலைக்குக் கடன் போட்டு வாங்கும் இரண்டாவது ஓனருக்கு அது மாதம் மூவாயிரத்துக்கு மேல். சொகுசு கார்களின் மைலேஜ் யாரை நிஜமாகவே கடிக்கிறது என்றால், அவரைத்தான்.

அப்படியானால் அரசு என்ன செய்கிறது? 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி மாறியது. இந்த வகை பெரிய செடான்களுக்கு செஸ் எல்லாம் சேர்த்து 48% இருந்த வரி, 40% ஆனது. விலை லட்சக்கணக்கில் இறங்கியது. வாங்குகிறவர்களுக்குத் தீபாவளி, சரி. ஆனால், அந்த வரி எதைப் பார்த்துப் போடப்படுகிறது என்று கவனித்தீர்களா? காரின் நீளம் நான்கு மீட்டருக்கு மேலா, இன்ஜின் எத்தனை சி.சி என்று கேட்கிறது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதே இல்லை! லிட்டருக்கு 15 கொடுக்கும் பெட்ரோல் செடானும் ஏழு கொடுக்கும் செடானும் வரிக்கு முன்னால் ஒன்றுதான். அமெரிக்காவில் 1978-லிருந்தே அதிகம் குடிக்கும் கார்களுக்குத் தனி வரி இருக்கிறது. காலனுக்கு 22.5 மைல், அதாவது லிட்டருக்கு ஒன்பதரை கிலோமீட்டர்கூடக் கொடுக்காத கார்களுக்குப் பிடிப்பார்கள். பிரான்ஸில் புகையின் கிராம் கணக்கில் அபராதம். 2025-ல் அதன் உச்சம் 70,000 யூரோ. தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவிகிதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாம், காரை அளக்க டேப்பை எடுத்துக்கொண்டு போகிறோம்.

எரிபொருளைக் கேட்கும் விதி நம்மிடமும் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் 'கஃபே'. இதில் தனித்தனி காரைப் பார்ப்பதில்லை. ஒரு நிறுவனம் வருடம் முழுக்க விற்ற எல்லா கார்களின் சராசரியைப் பார்ப்பார்கள். கார்களின் எடை கூடக்கூட அனுமதிக்கும் வரம்பும் கொஞ்சம் தளரும். மூன்றாவது கட்ட விதிகள் 2027 ஏப்ரலில் தொடங்க வேண்டும் என்று எரிசக்தி சிக்கன அமைப்பு 2025 செப்டம்பரில் வரைவு வெளியிட்டது. உடனே ஆரம்பித்தது சண்டை. 909 கிலோவுக்குள் இருக்கும் சின்ன பெட்ரோல் கார்களுக்குச் சலுகை வேண்டும் என்றது மாருதி சுஸூகி. கூடவே கூடாது என்றன டாடாவும் மஹிந்திராவும்.

இந்தக் கூச்சலில் சொகுசு கார் நிறுவனங்கள் அமைதியாக இருக்க ஒரு காரணம் உண்டு. கஃபே கணக்கில் ஒரு மின்சார கார் விற்றால், அது மூன்று கார் விற்றதாக எண்ணப்படும். சிங்கப்பெருமாள் கோவில் ஆலையிலேயே 2025 முதல் ஐ.எக்ஸ்1 மின்சார காரும் தயாராகிறது. புகைக் குழாயில் பூஜ்ஜியம் காட்டும் ஒரு ஐ.எக்ஸ்1 விற்றால், பல எம்340ஐ-களின் தாகம் காகிதத்தில் கரைந்துபோகும். சட்டப்படி இது சரிதான். மின்சார கார்களைத் தூண்ட இப்படி ஒரு சலுகை தேவைப்பட்டதும் நிஜம். ஆனால் அண்ணா சாலையில் அந்த எம்340ஐ குடிக்கும் முக்கால் கிளாஸ் பெட்ரோலில் ஒரு சொட்டுகூட இதனால் குறைவதில்லை.

2027 வரைவு, இந்தியாவின் பழைய சோதனையை விட்டுவிட்டு டபிள்யூ.எல்.டி.பி முறைக்கு மாறச் சொல்கிறது. அது நடந்தால் ஷோரூம் அட்டையில் இருக்கும் நம்பர்கள் மாறும். பல கார்களுக்கு இறங்கும். "புது மாடல் மைலேஜ் குறைஞ்சுடுச்சு" என்று அப்போது வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு கட்டாயம் வரும். குறைந்தது காரா, பொய்யா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதுவரை, இப்படி ஒரு காரை வாங்கும் யோசனையில் இருந்தால், குறிப்பாக செகண்ட் ஹேண்டில், விற்பவர் சொல்லும் நம்பரை விடுங்கள். காரின் டிரிப் மீட்டரில் நீண்ட நாள் சராசரியைக் காட்டச் சொல்லுங்கள். அதோடு சராசரி வேகத்தையும் பாருங்கள். சராசரி வேகம் 22 என்று இருந்து மைலேஜ் எட்டு என்றால், அது நல்ல கார், ஊருக்குள் ஓடியிருக்கிறது. சராசரி வேகம் 55 என்று இருந்தும் எட்டுதான் என்றால், முன்னாள் ஓனரின் கால் எவ்வளவு கனம் என்று புரிந்துவிடும். டயர், பிரேக், டர்போ எல்லாவற்றையும் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பெட்ரோல் மூடியைத் திறந்து உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இ10 என்று இருக்கிறதா, இ20 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாங்கிய பிறகு டேங்க்கை நிரப்பி, பில்லை எடுத்துவைத்து, அடுத்த முறை அதே பங்க்கில், அதே பம்ப்பில் நிரப்பும்போது கணக்குப் போடுங்கள். 59 லிட்டர் டேங்க். ஊருக்குள் ஓட்டினால் 500 கிலோமீட்டருக்குள் ஊதா பேனா பில் ஒன்று கையில் இருக்கும். மதுரைக்கு நிதானமாகப் போய்விட்டு வந்தால் வேறொரு பில் இருக்கும். அடுத்த முறை பங்க் பையன் கேட்கும்போது ரெண்டு நம்பரையும் சொல்லுங்கள்.